முதலில் வேலி, பிறகு ரயில்: கேர்ன்கோர்ம் மலையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
நிர்வாகக் குழுவினர்,
ஹைலண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் என்டர்பிரைஸ்,
இன்வர்னெஸ்.

அன்புடையீர்,

வணக்கம். ஸ்காட்லாந்தின் கேர்ன்கோர்ம் மலையில் உள்ள பனிச்சறுக்குச் சரிவுகள் அரசு அமைப்பான உங்கள் பொறுப்பில் உள்ளவை. அங்கே சறுக்கு மையத்தை நடத்தும் நிறுவனமும் 2018 டிசம்பரிலிருந்து உங்களுடையதுதான். சறுக்குகிறவர்களை மேலே ஏற்றும் லிஃப்ட் ஓடவில்லை என்றாலும், மலையேறும் ரயில் நின்றுவிட்டது என்றாலும், எல்லாக் கேள்வியும் கடைசியில் உங்கள் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால்தான் இந்த மடலை மையத்தின் மேலாளருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பாவம், அவர் கையில் இருக்கும் சாவிகள் கொஞ்சம்.

நான் இன்வர்னெஸில் குடியிருப்பவன். குளிர்காலத்தில் ஓய்வு நாள் வாய்த்தால் ஸ்கீயைக் காரில் கட்டிக்கொண்டு தெற்கே கிளம்பிவிடுவேன். பின் இருக்கையில் மகளும் அவள் ஸ்னோபோர்டும். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வரும். தமிழிலும் எழுதுவது ஏனென்றால், பிள்ளைகளுக்குப் பனி காட்ட வேண்டும் என்று கிளாஸ்கோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மலையடி ஊரான ஏவிமோருக்கு வரும் தமிழ்க் குடும்பங்களை நான் அங்கே அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் செலவிடும் காசும் இதில் இருக்கிறது. அவர்களும் படிக்கட்டும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேர்ன்கோர்ம் என்றதும் எல்லோரும் பனி குறைந்துவிட்டது என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். குறைந்துதான் வருகிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் மலைக்கு வந்தும் சறுக்காமல் திரும்பிப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் காற்றைத்தான் திட்டுவார்கள். இந்த மலையில் காற்றுதான் பனியைக் கொண்டுவருகிறது, காற்றுதான் அள்ளிக்கொண்டும் போகிறது, லிஃப்டை நிறுத்துவதும் அதுவே. காற்றை மனதில் வைத்துச் செலவு செய்தால், இருக்கிற பனியிலேயே இன்னும் பல நாள் சறுக்கலாம். அந்த வகைச் செலவு சின்னச் செலவு. கண்ணுக்குத் தெரியாத செலவு. ரிப்பன் வெட்டித் திறந்து வைக்க முடியாத செலவு. அதனால்தான் அது எப்போதும் பின்னுக்குப் போகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

கேர்ன்கோர்ம் உச்சி 1245 மீட்டர். ஆல்ப்ஸ் பக்கத்து ஆட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், அங்கே சில ஊர்களே அதைவிட உயரத்தில் இருக்கின்றன. ஆனால் இந்த மலை 57 பாகை வடக்கே, அட்லாண்டிக்கிலிருந்து வரும் புயல்களின் பாதையில், மரமில்லாத மொட்டை மேட்டுநிலமாக நிற்கிறது. 1986 மார்ச் 20 அன்று உச்சியில் பதிவான காற்றின் வேகம் மணிக்கு 173 மைல், அதாவது 278 கிலோமீட்டர். பிரிட்டனில் அதை மிஞ்சிய பதிவு இல்லை. அந்த உச்சியில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம் நிறுவிய வானிலைக் கருவியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் வாசகர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். வெளியிலேயே விட்டால் பனி அப்பி உறைந்துபோகும் என்று அதைச் சூடாக்கிய உருளைக்குள் வைத்திருக்கிறார்கள். அரை மணிக்கு ஒருமுறை மூடி திறக்கும். கருவி மேலே எழுந்து சில நிமிடம் காற்றை அளக்கும். மறுபடி உள்ளே போய்விடும். அளக்கிற கருவியே இப்படி ஒளிந்து பிழைக்கிற இடத்துக்குக் கீழேதான் ஐந்து வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி முழங்காலை மடக்கச் சொல்லிக் கொடுக்கிறோம்.

குளிர் இல்லாமல் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரேமாரில் 1895-லும் 1982-லும் -27.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தக் குளிர் தங்காது. திங்கட்கிழமை வடக்கிலிருந்து காற்று வந்து எல்லாம் வெள்ளையாகும். புதன்கிழமை தென்மேற்கிலிருந்து ஈரக்காற்று ஏறும், மழை பெய்யும். வியாழன் இரவு மறுபடி உறையும். வெள்ளிக்கிழமை சரிவு முழுக்கக் கண்ணாடி போன்ற பனிக்கட்டி. கார் நிறுத்தும் இடம் ஏறத்தாழ 635 மீட்டர், ரயிலின் மேல் நிலையம் 1097 மீட்டர். இரண்டுக்கும் நடுவே மூன்று டிகிரி அளவுக்கு வித்தியாசம் வரும். பூஜ்யத்தை ஒட்டியே வெப்பநிலை ஆடும் ஊரில் அந்த மூன்று டிகிரிதான் கீழே மழை, மேலே பனி என்று பிரிக்கிறது. ஏவிமோர் கடைத்தெருவில் குடை பிடித்து நிற்கிறவர் மேலே எப்படியிருக்கிறது என்று ஊகிக்கவே முடியாது.

இப்போது வேலிக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் முதன்முறை சறுக்க வருகிறவர்களுக்கு வியப்பாக இருப்பது சரிவுகளின் ஓரத்தில் ஓடும் மரவேலிகள். மாட்டை அடைக்கவா என்று கேட்டவர்கள் உண்டு. மேட்டுநிலத்தில் விழும் பனியைக் காற்று நிற்க விடாது. தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போகும். வழியில் ஒரு பள்ளமோ தடுப்போ இருந்தால், அதன் மறுபக்கம் காற்று வேகம் இழந்து, சுமந்து வந்ததைப் போட்டுவிட்டுப் போகும். வேலி செய்வது இதைத்தான். நம் கடற்கரையில் மணலைப் பிடித்து நிறுத்தச் சவுக்குத் தோப்பு வைக்கிறோமே, அதே வேலை. முழுக்க அடைத்த சுவரைவிட, பாதி மரமும் பாதி இடைவெளியுமாக நிற்கும் வேலிதான் பனியை நன்றாகச் சேர்க்கும். காற்றை அது மறிப்பதில்லை, தளர்த்துகிறது. வேலியின் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரத்துக்குப் பின்னால் பனி நீண்டு படியும். இரண்டு வரிசை வேலி வைத்து நடுவில் சேரும் பனியை இயந்திரத்தால் தட்டிப் பரப்பினால், அதுதான் இங்கே சறுக்குத் தடம். சுற்றிலும் பழுப்பு நிறப் புதர் தெரியும், நடுவில் மட்டும் வெள்ளை ரிப்பன் இறங்கும். ஐரோப்பாவில் வேறெங்கோ சறுக்கிப் பழகியவர்களுக்கு அது விசித்திரமாகத் தெரியலாம். எனக்கு அழகாகத் தெரிகிறது.

சரி, அந்த வேலிகள் இன்று எப்படி இருக்கின்றன? கோடையில் ஒருமுறை, சறுக்குச் சரிவுகள் இருக்கும் கோரி காஸ் பள்ளத்துப் பக்கம் நடந்து பாருங்கள். இந்த நாட்டில் பொறுப்போடு நடக்கிறவர்கள் மலையில் எங்கும் போகலாம் என்று 2003-லேயே சட்டம் போட்டாயிற்று, அதனால் உங்களுக்கு அனுமதி வாங்கும் சிரமமும் இல்லை. நல்ல வேலிக்குப் பக்கத்திலேயே பலகை உதிர்ந்து கம்பி தொங்கும் வேலியும் நிற்கும். ஒரு பல் போன இடத்தில் காற்று புகுந்து, பின்னால் சேர்ந்த பனியையும் சுரண்டிக்கொண்டு போகும். அந்த ஓட்டை பத்தடிதான் இருக்கும். ஆனால் அந்தப் பத்தடியில் தரை தெரிந்தால் அன்றைக்குத் தடமே மூடப்படும். தச்சு வேலை தெரிந்த நாலு பேர், ஒரு கோடைகாலம், மரம், ஆணி. இதற்கு வெளிநாட்டிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை.

இழுவை லிஃப்டும் இதே கதைதான். வானத்தில் தொங்கும் நாற்காலி லிஃப்டைக் காற்று ஆட்டும். ஆடினால் நிறுத்தியே ஆக வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். தரையோடு இழுத்துப் போகும் டி-பார், பொமா வகை லிஃப்ட்களில் சறுக்குகிறவரின் கால் பனியிலேயே இருக்கும், அதனால் நாற்காலி நின்ற பிறகும் அவை தாக்குப்பிடிக்கும். ஒரே நிபந்தனை, ஏறும் வழி முழுக்கப் பனி இருக்க வேண்டும். அந்த வழியில் பனி நிற்க வேலி வேண்டும். பாருங்கள், சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன்.

என் மகளுக்கு டி-பார் பிடிக்காது. ஸ்னோபோர்ட்காரர்கள் யாருக்குத்தான் பிடிக்கும்? ஸ்கீ போட்டவர் இரண்டு பேர் ஜோடியாக, நேராகப் பார்த்து ஏறுவதற்கென்று வைத்த கம்பி அது. பலகையில் பக்கவாட்டில் நிற்கிறவர் அதை ஒரு தொடைக்குள் மாட்டிக்கொண்டு, உடம்பைத் திருகி, மேலே போய்ச் சேரும்வரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். பாதியில் விழுந்தால் பின்னால் வருகிறவர்களின் சாபம் தனி. ஆனாலும் காற்று அடிக்கும் நாளில் எது வேண்டும் என்று அவளையே கேட்டேன். ஓடாத நாற்காலியைவிட ஓடுகிற டி-பார் மேல் என்றாள். ஏறும் வழியைக் கொஞ்சம் அகலமாகத் தட்டி வைத்தால், பக்கச்சரிவை மண்ணால் நிரவினால், புதிதாக வருகிற ஸ்னோபோர்ட் பிள்ளைகள் விழுவது பாதியாகக் குறையும் என்பது அவளுடைய யோசனை. அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன்.

ரயிலைப் பற்றிப் பேசாமல் இந்த மடல் முடியாது. 1961-லிருந்து ஓடிய நாற்காலி லிஃப்டை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் 2001 டிசம்பரில் மலை ரயிலைத் திறந்தார்கள். கான்கிரீட் தூண்கள்மேல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் பாதை, மேலே கடைசித் துண்டு சுரங்கத்துக்குள். காற்றடித்தால் நாற்காலி நின்றுவிடுகிறது, தண்டவாளத்தில் ஓடும் பெட்டி அப்படி நிற்காது என்பதுதான் அப்போது சொன்ன நியாயம். நியாயமான நியாயம்தான். நான் ரயிலின் எதிரி இல்லை. என் அம்மா தென்காசியிலிருந்து வந்திருந்தபோது அந்த ரயிலில்தான் மேலே போனார். முழங்கால் வலியோடு 1097 மீட்டர் உயரத்துக்கு அவரை வேறு எதுவும் கொண்டுபோயிருக்காது. மேல் நிலையத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, "இவ்வளவு குளிர்ல மனுஷன் காசு குடுத்து வருவானா" என்று கேட்டார். சறுக்கத் தெரியாதவர்களும் மலையைப் பார்க்க வேண்டும், அவர்கள் காசிலும் மலை வாழ வேண்டும். புதிதாகச் சறுக்கப் பழகுகிறவர்களுக்கும் ரயில் பெரிய உதவி. கீழே புல் தெரியும் நாளிலும் மேல் நிலையத்தை ஒட்டிய டார்மிகன் பள்ளத்தில் பனி இருக்கும். சறுக்கத் தெரியாதவர் அங்கே ஏறிப் பழகிவிட்டு ரயிலிலேயே இறங்கலாம்.

என் குறை இதுதான்: மலை முழுவதையும் ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. 2018 இலையுதிர்காலத்தில் தூண்களில் கோளாறு என்று ரயில் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் அப்போது நடத்திக்கொண்டிருந்த நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ரயில் மறுபடி ஓடியது 2023 ஜனவரியில். அம்மா வந்தது அந்த வசந்தத்தில், நல்ல நேரம். ஏனென்றால் ஆகஸ்டில் மறுபடி நிறுத்திவிட்டார்கள். பிறகு 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. பழுது பார்த்த செலவு ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம் பவுண்டு என்று செய்திகளில் வந்தது. புதிதாகக் கட்டியபோது ஆனதைவிட அது அதிகம். இதில் யார் குற்றவாளி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை, அதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அந்த ஆண்டுகளில் நல்ல பனி விழுந்த நாட்களும் இருந்தன. ரயில் நின்றதும் மேல் சரிவுக்குப் போகும் வழி குறுகிப்போனது. புதிதாகப் பழகுகிறவர்கள் கீழேயே சிக்கினார்கள். கூடவே கீழிருந்து மேல்வரை தொடர்ச்சியாக நல்ல இழுவை லிஃப்ட்கள் இருந்திருந்தால் ரயில் நின்றது ஒரு செய்தியாக மட்டும் போயிருக்கும்.

கோரி ந கிஷ்ட பள்ளத்தை மறந்துவிட்டீர்களா என்று கேட்கவும் இது இடம். மலையின் அந்தப் பக்கத்தில் பனி தானாகவே வந்து குவிகிற ஆழமான ஓடை இருக்கிறது; வேலிகூட அவ்வளவு தேவையில்லை, நிலத்தின் வடிவமே வேலி. அங்கிருந்த நாற்காலி லிஃப்ட்கள் பல ஆண்டு ஓடாமல் நின்று, துருப்பிடித்து, கடைசியில் கழற்றப்பட்டன. அந்தப் பக்கத்தை மீட்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் ஓர் இயக்கமாகவே கேட்டுப் பார்த்தார்கள். பனி தானாகச் சேருகிற பள்ளத்தைப் பூட்டிவிட்டு, பனி நிற்காத சரிவில் பனி செய்யும் இயந்திரத்தை வைப்பது எனக்குப் புரியவில்லை. இயந்திரத்தை நான் பழிக்கவில்லை; வெயில் நாளிலும் குளிர்பதனப் பெட்டிபோல உள்ளே பனிக்கட்டி உறைய வைத்து உதறித் தள்ளும் அந்தக் கொள்கலன்களால்தான் சில டிசம்பர்களில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொள்ள ஒரு துண்டு வெள்ளையாவது கிடைத்தது. ஆனால் அது ஒரு துண்டு. அதைச் சறுக்கு மையம் என்று சொல்லிக் கூப்பிட்டால் வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஏமாற்றம் என்றதும் தகவல் சொல்லும் முறைக்கு வந்துவிட்டேன். கிளாஸ்கோவிலிருந்தோ எடின்பரோவிலிருந்தோ வருகிறவர் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். டிசம்பர் கடைசியில் பொழுது பின்மதியம் மூன்றரைக்கெல்லாம் சாய்ந்துவிடும். தாமதமாக வந்தால் வந்ததற்குப் பயனில்லை. அவர் வழியில் இருக்கும்போது, "இன்று காலை நிலைமையை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்" என்ற ஒரு வரி போதாது. மலையேறுகிறவர்களுக்கென்று தனி வானிலை அறிக்கை வருகிறது. பனிச்சரிவு அபாயத்தை அளந்து சொல்ல அரசு சார்ந்த சேவை ஒன்று குளிர்காலம் முழுக்க நாள்தோறும் இயங்குகிறது. அவர்கள் எவ்வளவு தெளிவாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள்: இந்த உயரத்துக்கு மேல் இந்தத் திசையில் இவ்வளவு காற்று, நடக்கவே சிரமம், பார்வைத் தூரம் இவ்வளவு. சறுக்கு மையமும் முந்தின இரவே அப்படி எழுதலாமே. "நாளை காற்று தென்கிழக்கிலிருந்து, உச்சியில் 60 மைல். மேலே எதுவும் ஓடாது என்றே நினைக்கிறோம். கீழே பயிற்சிச் சரிவு திறக்க வாய்ப்புண்டு. சாலையில் பனி குவியக்கூடும், கேட் திறக்கப் பத்து மணி ஆகலாம்." இவ்வளவுதான். ஊகம் தப்பினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்தான் கோபம் வரும்.

மலையடிவாரத்து க்ளென்மோர் தாண்டி மேலே ஏறும் சாலையில் அந்தக் கேட் மூடியிருக்கும் காலைகளை நினைத்துப் பாருங்கள். வரிசையாகக் கார்கள், உள்ளே பிள்ளைகள், இயந்திரம் பனியை ஒதுக்கி முடிக்குமா முடிக்காதா என்று யாருக்கும் தெரியாது. பனியை ஒதுக்குகிறவர்கள் செய்வது மகத்தான வேலை. ஒரு மணி நேரத்தில் அவர்கள் ஒதுக்கியதைக் காற்று அரை மணியில் மூடிவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வரிசையில் நிற்கிறவர்களிடம் யாராவது ஒருவர் வந்து, "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், ஏவிமோரில் போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள்" என்று சொன்னால் போதும் என்கிறேன்.

டிக்கெட்டிலும் இந்த நேர்மை வேண்டும். ஸ்காட்லாந்தின் ஒரு மையத்தில் (எது என்பது முக்கியமில்லை) காலையில் முழு நாள் டிக்கெட் விற்றார்கள். பதினொரு மணிக்கெல்லாம் காற்று ஏறி எல்லா லிஃப்டும் நின்றது. கவுண்டரில் கேட்டால், அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்ள ஒரு சீட்டு தருகிறோம் என்றார்கள். லண்டனிலிருந்து வந்த என் நண்பர் குடும்பம் அடுத்த முறை என்பதற்கு எங்கே போகும்? இப்படிப்பட்ட மலையில் நாள் கணக்கில் விற்பதே பொருத்தமில்லை. மணிக்கணக்கில் விற்கலாம், ஏறுகிற எண்ணிக்கைக்கு விற்கலாம், லிஃப்ட் நின்றால் மீதிப் பணம் கேட்காமலேயே கார்டுக்குத் திரும்பலாம். எத்தனை லிஃப்ட் ஓடுகிறதோ அதற்கேற்ப அன்றைய விலையை வைக்கலாம். இதனால் வருமானம் குறையும் என்று கணக்காளர் சொல்வார். குறையட்டும். காற்று அடிக்கலாம் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களில் பாதிப் பேர் துணிந்து கிளம்பி வருவார்கள் என்பது என் கணிப்பு.

பருவநிலை மாறுகிறது, இனி எதற்கு இதெல்லாம் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பக்கத்திலேயே பிரேரியாக் மலையில் ஸ்ஃபிங்க்ஸ் என்று பெயர் வைத்த பனித்திட்டு இருக்கிறது. பிரிட்டனிலேயே நெடுங்காலம் கரையாமல் தாக்குப்பிடித்தது அதுதான். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அது முற்றாகக் கரைந்தது 1933, 1959, 1996 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டும். இந்த நூற்றாண்டில் 2003, 2006, 2017, 2018, 2021, 2022 என்று வரிசை நீள்கிறது, அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஜேம்ஸ் ஹட்டன் ஆய்வு நிறுவனத்தார் இந்த மலை அடங்கிய தேசியப் பூங்காவைப் பற்றி எழுதிய அறிக்கையில், 2030-களிலிருந்து பனி வேகமாகக் குறையும், 2080-களில் சில ஆண்டுகள் பனியே இல்லாமல்கூடப் போகலாம் என்கிறார்கள். இதைப் படித்தும் ஐம்பது ஆண்டுக் கணக்கில் கான்கிரீட் ஊற்றுவது என்றால் எனக்குத் தயக்கம். ஆனால் மரவேலிக்கும் பொமா லிஃப்டுக்கும் ஐம்பது ஆண்டு தேவையில்லை. வேண்டாத இடத்தில் பிடுங்கி வேண்டிய இடத்தில் நடலாம். பனி மேலே ஒதுங்கினால் அவையும் மேலே போகும்.

அதோடு, நல்ல குளிர்காலம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. 2009-10 அப்படித்தான் வந்தது. பல வாரங்கள் உறைந்து கிடந்தது, எல்லா மையங்களிலும் கூட்டம் அலைமோதியது. 2021-இல் மறுபடி ஒரு நல்ல குளிர்காலம். அப்போது ஜனவரி 5 முதல் ஊரடங்கு. லிஃப்ட்கள் எல்லாம் நின்றிருக்க, மலைமேல் பொன்னாகக் கிடந்தது பனி. பக்கத்து ஊர்க்காரர்கள் மட்டும் ஸ்கீயின் அடியில் பிடிமானத் துணியை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறி இறங்கினார்கள். இனி வரும் நல்ல குளிர்காலங்கள் குறைவாகவும் திடீரென்றும் இருக்கும் என்றால், வந்த அன்றைக்கே லிஃப்டை ஓட்ட ஆள் வேண்டும், வேலி நிமிர்ந்து நிற்க வேண்டும், இயந்திரத்தில் டீசல் இருக்க வேண்டும். பருவகால ஊழியர்களை நவம்பரில் எடுத்து, பனி இல்லை என்று ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பி, பிப்ரவரியில் பனி கொட்டும்போது ஆள் இல்லை என்று கை பிசைவது வேண்டாம். கோடையில் வேலி கட்ட அவர்களையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளுக்கு ஆண்டு முழுக்கச் சம்பளம். ஏவிமோரில் குடும்பத்தோடு தங்குவார், மலையும் அவருக்குப் பழகும்.

மற்ற மையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் ஐந்து இடங்களில் லிஃப்ட் வைத்துச் சறுக்கலாம். க்ளென்கோவில் 1956-லேயே இழுவை லிஃப்ட் வந்துவிட்டது; கிளென்ஷீயும் லெக்டும் கிழக்கே; நெவிஸ் ரேஞ்ச் 1989-இல் மேற்கே திறந்தது. காற்றின் திசை மாறினால் இவற்றின் தலையெழுத்தும் மாறும். மேற்கே மழை ஊற்றும் நாளில் கிழக்கே காய்ந்து கிடக்கலாம். தென்கிழக்குக் காற்று கிளென்ஷீயில் பனியைக் கொண்டுவந்து குவிக்கும்போது இங்கே ஒன்றுமே இருக்காது. ஐந்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், ஒரே தகவல் பலகை, இன்று எங்கே போகலாம் என்று ஒரே இடத்தில் பதில் என்று இருந்தால், நிலையில்லாத வானிலையும் வாடிக்கையாளருக்கு ஓரளவு வசதியாகிவிடும். எல்லா மையங்களும் உங்கள் எல்லைக்குள் வராது, எல்லாம் தனித்தனி முதலாளிகள், ஒருவரோடு ஒருவர் போட்டி என்பதெல்லாம் தெரிந்தே கேட்கிறேன். கூட்டி உட்கார வைத்துப் பேசும் பலம் அரசு அமைப்பான உங்களுக்குத்தான் இருக்கிறது.

உங்களிடமிருந்து எனக்கு நீண்ட பதில் வேண்டாம். நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்தால் போதும். வரும் நிதியாண்டில் ரயிலுக்கு ஒதுக்கியது எவ்வளவு, வேலிக்கும் இழுவை லிஃப்டுக்கும் ஒதுக்கியது எவ்வளவு? கோரி ந கிஷ்டவில் இழுவை லிஃப்ட் போடுவது பற்றி யாராவது மதிப்பீடு செய்திருக்கிறார்களா, செய்திருந்தால் அதை வெளியிடுவீர்களா? லிஃப்ட் நின்றால் பணத்தைத் திருப்பித் தரும் விதியை டிக்கெட்டின் முகப்பிலேயே தெளிவாக அச்சிடுவீர்களா? அக்டோபருக்குள் உடைந்த வேலிகளில் எத்தனை மீட்டர் சரிசெய்யப்படும்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆகஸ்டிலேயே பதில் வந்தால் நல்லது. செப்டம்பரில் வார இறுதிகளில் பலகை சுமக்கத் தன்னார்வலர்கள் தேவைப்பட்டால், வரத் தயாராக இருக்கும் சிலரை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
இன்வர்னெஸிலிருந்து ஒரு சீசன் டிக்கெட்காரன்